மடிவீக்க நோய்

மடிவீக்க நோய் அல்லது மடியழற்சி என்பது பால் தரும் கால்நடைகளின் மடியில் உண்டாகும் அழற்சி ஆகும். பேச்சு வழக்கில் இது மடிநோய் என்றே அழைக்கப்படுகின்றது. எருமை, வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவற்றிலும் இந்நோய் காணப்படினும், மிகுதியாகப் பால் சுரக்கும் கறவைப் பசுக்களையே இது பெரிதும் தாக்குகின்றது. காம்பின் நுனியில் உள்ள துளை வழியாக உட்புகும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. அடிபடுதல், காம்பில் ஏற்படும் காயம் முதலியவற்றாலும் அழற்சி தோன்றலாம். எனினும் அவ்விடத்தும் முடிவில் கிருமிகள் குடியேறிவிடுவதே வழக்கம்.

உலகெங்கும் பால் பண்ணைத் தொழிலுக்கு மிகுந்த பொருளிழப்பை உண்டாக்கும் நோய்களுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகின்றது. இவ்விழப்பின் பெரும்பகுதி வீங்கிச் சிவந்த மடியால் ஏற்படுவதன்று. வெளியே எவ்வித அறிகுறியும் காட்டாமல், மாதக்கணக்கில் பால் சுரப்பைக் குறைத்துவரும் மறைநிலை நோயினாலேயே அது ஏற்படுகின்றது. ஒன்று அல்லது இரண்டு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்தில், தீவனம் குறைந்துவிட்டது என்றோ கறவை நாள் முதிர்ந்துவிட்டது என்றோ எண்ணப்படும் பால் குறைவுக்கு உண்மையில் இந்நோயே காரணமாக இருக்கக்கூடும்.

மடியின் அமைப்பும் இயற்கைக் காப்பும்

பசுவின் மடி ஒரே உறுப்பாகத் தோன்றினாலும் அது நான்கு தனித்தனிச் சுரப்பிகளால் ஆனது. ஒவ்வொரு சுரப்பிக்கும் ஒரு காம்பு உண்டு. இச்சுரப்பிகள் மடிக்கூறுகள் எனப்படும். ஒரு கூற்றில் சுரக்கும் பால் மற்றொரு கூற்றுக்குச் செல்வதில்லை. ஆகவே ஒரு கூறு மட்டும் நோயுற்று, ஏனைய மூன்றும் நலமாக இருத்தல் இயல்பு. ஒரு லிட்டர் பால் சுரப்பதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓடவேண்டியுள்ளது. இதனால் மடியில் தோன்றும் நஞ்சு விரைவில் உடல் முழுவதும் பரவிவிடுகின்றது.

பாக்டீரியாக்களுக்கும் பாலுக்கும் இடையே உள்ள முதன்மையான தடை, காம்பின் நுனியில் அமைந்துள்ள ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஆகும். இதனைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை கறவை இல்லாத நேரத்தில் துளையை இறுக மூடி வைக்கின்றது. குழாயின் உட்புறத்தில் கெரட்டின் என்னும் மெழுகு போன்ற பொருள் படிந்து, கிருமிகளைப் பிடித்து நிறுத்துகின்றது. கறவையின் போது இத்துளை விரிகின்றது. கறந்து முடித்தவுடன் அது மூடிக்கொள்வதில்லை. முழுவதும் சுருங்குவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அந்நேரத்தில் பசு சாணமும் சிறுநீரும் கலந்த ஈரத் தரையில் படுக்குமாயின், கிருமிகளுக்கு வழி திறந்தே இருக்கின்றது. கறந்தபின் பசுவுக்குத் தீவனம் இட்டு நிற்கவைக்கும் பழக்கத்தின் பயன் இதுவே.

இத்தடையைக் கடந்து உட்செல்லும் கிருமிகளை இரத்தத்திலிருந்து வரும் வெள்ளையணுக்கள் எதிர்க்கின்றன. கன்று ஈனுவதற்குச் சற்று முன்னும் பின்னும் பசுவின் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். சுண்ணாம்புச்சத்துக் குறைவால் உண்டாகும் பால் காய்ச்சல் அப்போது சேர்ந்துகொண்டால், சுருக்குத் தசை தளர்வதோடு பசு நெடுநேரம் படுத்தே கிடப்பதால் ஆபத்து மேலும் கூடுகின்றது. உயிர்ச்சத்து ஈ, செலினியம் ஆகியவை தீவனத்தில் குறைந்தாலும் வெள்ளையணுக்களின் ஆற்றல் குறையும்.

நோய்க் காரணிகள்

மடியழற்சியை உண்டாக்கக்கூடியவை என நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. எனினும் பெரும்பாலான நோய்களுக்குச் சில வகைகளே காரணம். அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொண்டு இரு பிரிவாகப் பிரிப்பது வழக்கம். தடுப்பு முறைகள் அனைத்தும் இப்பிரிவையே அடிப்படையாகக் கொண்டுள்ளமையால் இது வெறும் பாடநூல் வகைப்பாடு அன்று.

முதற் பிரிவு தொற்றுவகைக் கிருமிகள். இவற்றின் இருப்பிடம் நோயுற்ற மடியே ஆகும். ஸ்டெஃபிலோகாக்கசு ஆரியசு, ஸ்ட்ரெப்டோகாக்கசு அகலாக்டியே, சிலவகை மைக்கோபிளாசுமா ஆகியன இப்பிரிவைச் சேர்ந்தவை. இவை கறப்பவரின் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் காம்புக் குவளை ஆகியவற்றின் வழியாகக் கறவை நேரத்தில் ஒரு பசுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகின்றன. ஒரே கறவையாளர் வீடு வீடாகச் சென்று பல பசுக்களைக் கறக்கும் ஊர்களில், ஒரு தொழுவத்து நோய் அடுத்த தொழுவத்திற்குச் செல்வதும் இவ்வாறே. 1880களில் நோக்கார், மொல்லெரோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சங்கிலி வடிவ நுண்ணுயிர் ஒன்றால் இந்நோய் பசுவுக்குப் பசு தொற்றுவதைக் காட்டினர். அதற்கு முன்னர் குளிரும் அடியும் போன்றவையே இதற்குக் காரணம் எனப் பலரும் நம்பிவந்தனர்.

இரண்டாம் பிரிவு சூழல்வகைக் கிருமிகள். எசரிக்கியா கோலை, கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கசு யூபெரிசு முதலியன சாணம், ஈர மண், அழுகிய வைக்கோல், அசுத்த நீர் ஆகியவற்றில் வாழ்கின்றன. மரத்தூளைப் படுக்கையாக இடும் பண்ணைகளில் கிளெப்சியெல்லாவின் தாக்குதல் மிகுவது நன்கு அறியப்பட்டதாகும். இவை இரு கறவைகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும், பால் வற்றிய காலத்திலும் மடியை அடைகின்றன. மழைக்காலத்தில் தொழுவம் உலராதபோது இவ்வகை நோய் கூடுகின்றது.

இவையன்றிக் காம்பின் தோலில் இயல்பாகவே வாழும் வேறு சில ஸ்டெஃபிலோகாக்கசு வகைகளும் மடியில் புகுவதுண்டு. இவை பெரும்பாலும் மென்மையான நோயையே உண்டாக்குகின்றன. ஈசுட்டு எனப்படும் நொதிகளும் புரோட்டோதீக்கா என்னும் நிறமற்ற பாசியும் அரிதாகக் காணப்படும். மருந்து செலுத்தும்போது சுத்தம் பேணாததால் நொதிகள் மடியினுள் சென்றுவிடுவதுண்டு. நோயைத் தீர்க்கச் செலுத்திய ஊசிக்குழலே புதிய நோயைக் கொண்டுபோய் விடுவது இவ்வகையில்தான். வட ஐரோப்பாவில் ஈக்கள் வழியாகப் பரவி, கிடாரிகளையும் பால் வற்றிய பசுக்களையும் தாக்கும் கோடைகால மடிவீக்கம் தனி வகையாகும்.

அறிகுறிகள்

நோய் வெளிப்பட்ட நிலையில் முதலில் மாறுவது பால். அதில் திரிகள், கட்டிகள் காணப்படும். நீர்த்தோ மஞ்சள் நிறமாகவோ இரத்தம் கலந்தோ வரும். இதனோடு நின்றுவிட்டால் நோய் மென்மையானது. மடிக்கூறு வீங்கிச் சூடாகி, தொட்டால் பசு உதைக்குமாயின் அது நடுத்தர நிலை. காய்ச்சல், தீவனம் எடுக்காமை, அசைபோடாமை, எழ இயலாமை ஆகியவை சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலையாகும்.

எசரிக்கியா கோலையால் உண்டாகும் கடும் நோய் இம்மூன்றாம் நிலையை மிக விரைவில் அடையக்கூடும். காலையில் நன்றாகக் கறந்த பசு மாலைக்குள் படுத்துவிடலாம். அப்போது காம்பிலிருந்து பாலுக்குப் பதிலாக மோர்த்தெளிவு போன்ற நீர்மம் வரும். இங்குப் பசுவைக் கொல்வது கிருமியின் பெருக்கத்தைவிட, இறக்கும் கிருமிகளின் செல்சுவரிலிருந்து வெளிப்படும் நஞ்சே ஆகும். தொடக்கத்தில் காய்ச்சல் மிகுந்திருந்து, பின்னர் உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைந்து காதுகள் சில்லிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது எனக் கொள்ளலாம். காய்ச்சல் இறங்கிவிட்டது என எண்ணி மருத்துவரை அழைக்காமல் விடுவது இவ்வேளையில் நிகழும் பெருந்தவறு.

ஸ்டெஃபிலோகாக்கசு ஆரியசு சில வேளைகளில் மடி அழுகலை உண்டாக்கும். அப்போது காம்பும் மடிக்கூறும் நீலம் பாய்ந்து, பின்னர் கருத்துக் குளிர்ந்துவிடும். இவ்வாறான மடிக்கூறு மீள்வதில்லை. பசு பிழைப்பதே பெரிது. எனினும் இக்கிருமி பெரும்பாலும் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. அது மடியின் திசுக்களுள் சிறு சீழ்க்கட்டிகளை அமைத்து, அவற்றைச் சுற்றித் தழும்புத் திசு வளர, நெடுங்காலம் உள்ளே தங்குகின்றது. பால் கண்ணுக்கு நலமாகத் தோன்றும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரி தோன்றி மறையும். மடியை அழுத்திப் பார்த்தால் உள்ளே கல் போன்ற இறுக்கம் தெரியும்.

மறைநிலை நோயும் அதனைக் கண்டறிதலும்

மறைநிலை மடிநோயில் பாலோ மடியோ கண்ணுக்கு எவ்வித மாற்றமும் காட்டுவதில்லை. வெளிப்படையான நோயைவிட இது பல மடங்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. பால் சுரக்கும் நுண்ணறைகள் சிறிது சிறிதாகச் சிதைந்து, அவ்விடத்தில் தழும்புத் திசு நிரம்புகின்றது. இவ்வாறு இழந்த சுரப்பை அக்கறவைக் காலத்திலேயே முழுமையாக மீட்க இயலாது.

பாலின் உட்பொருள்களும் மாறுகின்றன. லாக்டோசும் கேசினும் குறைய, இரத்தத்திலிருந்து கசியும் சோடியமும் குளோரைடும் கூடுகின்றன. பால் சற்று உவர்ப்பாவதற்குக் காரணம் இதுவே. லாக்டோசு குறைவதால் கொழுப்பு நீங்கிய திடப்பொருளின் அளவும் இறங்குகின்றது. கொழுப்பையும் திடப்பொருளையும் கொண்டு விலை நிர்ணயிக்கும் கூட்டுறவுச் சங்கங்களில், தண்ணீர் கலக்காத பாலுக்கும் விலை குறைவாகக் கிடைப்பதன் காரணங்களுள் இது ஒன்று. பாலில் கலப்படம் செய்தார் என்னும் பழியையும் உழவர் இதனால் சுமக்க நேரலாம்.

மறைநிலை நோயை அறிய உதவும் முதன்மை அளவு, ஒரு மில்லிலிட்டர் பாலில் உள்ள உடலணுக்களின் எண்ணிக்கை ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை வெள்ளையணுக்கள். நலமான மடிக்கூற்றின் பாலில் இது பொதுவாக 1,00,000க்குக் கீழ் இருக்கும். 2,00,000ஐத் தாண்டினால் அக்கூற்றில் தொற்று இருப்பதாகக் கருதுவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் பண்ணையின் மொத்தப் பாலுக்கு 4,00,000 என்பதும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 7,50,000 என்பதும் மேல்வரம்புகளாக உள்ளன.

இதனைத் தொழுவத்திலேயே கண்டறியும் எளிய முறையைக் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் ஆகிய இருவர் 1957இல் வெளியிட்டனர். நான்கு குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே கறந்து, சலவைப் பொருளும் நிறங்காட்டியும் கலந்த கரைசலைச் சம அளவு சேர்த்துச் சுழற்றுவர். சலவைப் பொருள் உடலணுக்களை உடைக்க, அவற்றிலிருந்து வெளிப்படும் டி.என்.ஏ. கூழ் போலத் திரள்கின்றது. கூழ் எவ்வளவு கெட்டியோ, நோயும் அவ்வளவு முற்றியது. இதற்கென விற்கப்படும் கரைசல் கிடைக்காத இடங்களில், வீட்டில் துணி துவைக்கும் சலவைத்தூளை ஏறத்தாழ 3 விழுக்காடு அளவில் நீரில் கரைத்தும் இச்சோதனையைச் செய்யலாம். தெற்காசியாவில் இம்முறை நன்கு சோதிக்கப்பட்டுள்ளது. நான்கு குழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இச்சோதனையின் சிறப்பு. ஒரு குழி மட்டும் திரளுமாயின் ஐயத்துக்கு இடமில்லை. கன்று ஈன்ற முதற்சில நாள்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நலமான மடியும் திரட்சி காட்டக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

எக்கிருமி என்பதை அறிய, தூய்மையாக எடுத்த பாலை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கவேண்டும். மருந்து செலுத்துவதற்கு முன்னரே மாதிரி எடுத்தல் இன்றியமையாதது. தமிழகத்தில் மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய் ஆய்வகங்களிலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் இவ்வகைச் சோதனை செய்யப்படுகின்றது.

சிகிச்சை

1940களில் பெனிசிலின் புழக்கத்துக்கு வந்தபின், அதனைக் காம்புத்துளை வழியாக மடியினுள் செலுத்தும் முறை பரவியது. ஸ்ட்ரெப்டோகாக்கசு அகலாக்டியே இம்மருந்துக்கு எளிதில் கட்டுப்பட்டது. பல நாடுகளின் பண்ணைகளிலிருந்து அது ஏறக்குறைய ஒழிக்கப்பட்டது. இவ்வெற்றி, எல்லா மடிநோய்க்கும் குழல் மருந்தே தீர்வு என்னும் எண்ணத்தை வளர்த்தது. பிற்காலத்தில் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கு இவ்வெண்ணமே வித்தாயிற்று.

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தின் பயன் கிருமிக்குக் கிருமி பெரிதும் வேறுபடுகின்றது. ஸ்ட்ரெப்டோகாக்கசு வகைகள் நன்கு குணமாகின்றன. ஸ்டெஃபிலோகாக்கசு ஆரியசு தழும்புத் திசுவினுள்ளும் வெள்ளையணுக்களின் உள்ளேயும் ஒளிந்திருப்பதால் மருந்து அதனை எட்டுவதில்லை. அதன் பல வகைகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தையும் சுரக்கின்றன. இளம் பசுவில், ஒரு கூற்றில் மட்டும், அண்மையில் தோன்றிய தொற்று குணமாக வாய்ப்புண்டு. பல ஈற்றுக் கண்ட பசுவில் நாட்பட்ட தொற்று குணமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகைய பசுவுக்குத் திரும்பத் திரும்ப மருந்திடுவது பணத்தையும் பாலையும் வீணாக்குவதே ஆகும். அக்கூற்றை நிலையாக வற்றச் செய்வது அல்லது பசுவைக் கறவையிலிருந்து விலக்குவது உகந்தது.

எசரிக்கியா கோலையால் வரும் மென்மையான நோயில், மருந்து இட்டாலும் இடாவிட்டாலும் பசுவின் எதிர்ப்பாற்றலே பெரும்பாலும் கிருமியை ஒழித்துவிடுகின்றது. ஆகவே பல நாடுகளில், காய்ச்சலற்ற பசுவின் பாலை முதலில் வளர்ப்புச் சோதனைக்கு இட்டு, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முடிவு கண்டபின், தேவைப்படும் பசுவுக்கு மட்டும் எதிர்ப்பி மருந்து தருகின்றனர். ஒரு நாள் காத்திருப்பதால் குணமாகும் வாய்ப்பு குறைவதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மென்மையான, நடுத்தர நிலைகளுக்கு மட்டுமே பொருந்தும். படுத்துவிட்ட பசுவுக்குக் காத்திருத்தல் கூடாது. அங்கு இரத்தக்குழாய் வழியாக உப்புக் கரைசல், சுண்ணாம்புச்சத்து, மெலாக்சிகாம் அல்லது ஃபுளூனிக்சின் போன்ற அழற்சி அடக்கும் மருந்து, ஊசிவழி எதிர்ப்பி ஆகியவை உடனடியாகத் தேவைப்படும். இவை கால்நடை மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்கவை.

மருந்துக் குழலைச் செலுத்தும் முறையும் மருந்தளவுக்கு முக்கியமானது. முதலில் அக்கூற்றை முழுவதும் கறந்துவிடவேண்டும். காம்பின் நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சினால், பஞ்சில் அழுக்கு தெரியாத வரை துடைக்கவேண்டும். குழலின் முனையைச் சில மில்லிமீட்டர் மட்டுமே நுழைப்பது போதும். முழுவதும் நுழைத்தால் கெரட்டின் படலம் சிதைவதோடு, துளையில் உள்ள கிருமிகளும் உள்ளே தள்ளப்படும். அடைத்த காம்பைத் திறக்கக் குச்சி, குழாய் முதலியவற்றை நுழைப்பது காம்பை நிலையாகக் கெடுத்துவிடும். திரி மறைந்த உடனே மருந்தை நிறுத்துவதும் தவறு. குறித்த நாள் முழுவதும் தொடரவேண்டும்.

மரபுவழி மருத்துவம்

தமிழகத்தில் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த பூச்சு பரவலாகப் பயன்படுகின்றது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதன் அளவுகளை வரையறுத்து உழவரிடையே பரப்பினார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் பின்னர் இதனைக் கூட்டுறவு ஒன்றியங்கள் வழியாக ஊக்குவித்தது. 250 கிராம் சோற்றுக் கற்றாழை மடல், 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுதும் பீய்ச்சிய பின், விழுதில் ஒரு பகுதியை நீரில் கரைத்து மடி முழுவதும் தடவுவர். ஒரு நாளில் 8 முதல் 10 முறை என ஐந்து நாள்கள் வரை இது தொடரும். உடன் எலுமிச்சம் பழங்களை நறுக்கிப் பசுவுக்கு உண்ணத் தருவதும் உண்டு.

இம்முறையில் ஒவ்வொரு முறையும் பாலைப் பீய்ச்சி எடுப்பதே நோயின் சுமையைக் குறைக்கும் என்பதைக் கவனிக்கவேண்டும். எதிர்ப்பி மருந்தின் எச்சம் பாலில் சேராமை இதன் பெரும் நன்மை. மென்மையான நோய்க்கு இதனை முதற்சிகிச்சையாகக் கொள்வதில் இடர் குறைவு. காய்ச்சல் கண்ட பசுவுக்கோ நீலம் பாய்ந்த மடிக்கோ வெளிப்பூச்சை மட்டும் நம்பியிருத்தல் பசுவை இழக்கச் செய்யும்.

தடுப்பு

மருந்தால் மட்டும் மடிநோயை ஒழிக்க முயன்ற பண்ணைகளில், குணமான பசுக்கள் சில மாதங்களில் மீண்டும் நோயுற்றன. இதன் காரணத்தை இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே இருந்த தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் நீவ், டாட், கிங்வில் முதலியோர் 1960களில் ஆராய்ந்தனர். ஒரு மந்தையில் எத்தனை மடிக்கூறுகள் நோயுற்றுள்ளன என்பது, புதிய தொற்று எவ்வளவு விரைவில் வருகின்றது, வந்த தொற்று எவ்வளவு காலம் நீடிக்கின்றது என்னும் இரண்டையும் பொறுத்தது. மருந்து இரண்டாவதை மட்டுமே குறைக்கின்றது. முதலாவதைக் குறைக்காமல் மருந்திடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இவ்வாய்விலிருந்து ஐந்து கூறுகள் கொண்ட திட்டம் உருவாயிற்று. கறந்தவுடன் எல்லாக் காம்புகளையும் கிருமிநாசினியில் முக்குதல், பால் வற்றச் செய்யும் போது நீண்டநாள் செயற்படும் மருந்தை மடியில் இடுதல், வெளிப்பட்ட நோய்க்கு உடன் சிகிச்சை செய்தல், தீராத பசுக்களைக் கழித்தல், கறவை இயந்திரத்தைச் சீராகப் பேணுதல் என்பன அவை. பல நாடுகளில் இது பின்பற்றப்பட்டு, தொற்றுவகை நோய் பெரிதும் குறைந்தது. சூழல்வகை நோய் அவ்வாறு குறையவில்லை. இரு கறவைகளுக்கு இடையே தரையிலிருந்து வரும் கிருமியைக் கறந்தபின் இடும் மருந்து தடுப்பதில்லை. அதற்கு உலர்ந்த தொழுவமும் சுத்தமான படுக்கையுமே வழி.

காம்பு முக்குதல் இவற்றுள் மிக மலிவானதும் மிகுந்த பயன் தருவதும் ஆகும். கிளிசரின் கலந்த 0.5 விழுக்காடு அயோடின் கரைசல் பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. சிறு குவளையில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் சில நொடிகள் முக்கினால் போதும். தொற்றுவகைக் கிருமிகளால் வரும் புதிய தொற்றுகளை இது பாதிக்கு மேல் குறைக்கின்றது. கன்று ஊட்டிய பிறகே கறவையை முடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், கன்று குடித்து முடித்தபின் முக்குதல் வேண்டும். இல்லையேல் கன்று மருந்தையும் சேர்த்துக் குடித்துவிடும்.

கறவை முறையிலும் கவனிக்கவேண்டியவை பல. கறப்பவர் நகங்களை ஒட்ட வெட்டி, சோப்பினால் கை கழுவவேண்டும். மடியைக் கழுவினால் நன்கு துடைத்து உலர்த்தவேண்டும். ஈரமான மடியைக் கறப்பதைவிடக் கழுவாமல் துடைத்துக் கறப்பது மேல். கழுவிய நீர் காம்பின் நுனியில் வந்து தங்கிக் கிருமிகளையும் கொண்டு சேர்ப்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு பசுவுக்கும் தனித்துணி தேவை. முதற்பீச்சுப் பாலைத் தரையில் விடாமல், கருந்துணி கட்டிய குவளையில் பீய்ச்சிப் பார்த்தால் திரி உடனே தெரியும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதனோடு அழுத்தி இழுக்கும் முறை காம்பின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றது. ஐந்து விரல்களாலும் காம்பைப் பற்றி, மேலிருந்து கீழாக அழுத்தும் முழுக்கை முறையே சிறந்தது. பாலைத் தொட்டு விரல்களை நனைத்துக்கொண்டு கறப்பதும் கூடாது. முதல் ஈற்றுப் பசுக்களையும் நலமான பசுக்களையும் முதலில் கறந்து, நோயுற்ற பசுவை இறுதியில் கறக்கவேண்டும். செலவில்லாத இவ்வொரு வழக்கம், கையால் கறக்கும் சிறு பண்ணைகளில் பெரும் மாற்றத்தைத் தரவல்லது.

இயந்திரக் கறவையில் வெற்றிட அழுத்தம் கூடினாலோ, பால் நின்றபின்னும் இயந்திரத்தைக் கழற்றாமல் விட்டாலோ காம்பு நுனி தடித்துத் துளை சிதையும். காம்புக் குவளையின் உட்புற இரப்பரை ஏறத்தாழ 2,500 கறவைகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வெடித்த இரப்பரில் தங்கும் கிருமிகளை எவ்வளவு கழுவினாலும் நீக்க இயலாது.

பசுவின் வற்றுக்காலம் பொதுவாக 45 முதல் 60 நாள்கள். கறவை நிறுத்திய முதலிரு வாரங்களிலும் கன்று ஈனுவதற்கு முந்தைய இரு வாரங்களிலும் புதிய தொற்று மிகுதியாக வருகின்றது. எல்லாப் பசுக்களுக்கும் எல்லாக் கூறுகளிலும் எதிர்ப்பி மருந்து இடும் பழைய வழக்கம் தற்போது கைவிடப்பட்டு வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 சனவரி 28 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நோயற்ற விலங்குகளுக்கு வழக்கமாக எதிர்ப்பி மருந்து தருவதைத் தடை செய்தது. நோயுற்ற பசுவுக்கு மட்டும் மருந்தும், ஏனையவற்றுக்குப் பிசுமத்து உப்பால் ஆன காம்பு அடைப்பானும் இடுவது மாற்று முறையாகும்.

எசரிக்கியா கோலைக்கு எதிரான தடுப்பூசிகள் சில நாடுகளில் உள்ளன. இவை நோய் வருவதை முழுதும் தடுப்பதில்லை; கடுமையைக் குறைக்கின்றன. இனப்பெருக்கத் தேர்வும் மற்றொரு வழி. பால் அளவை மட்டும் நோக்கித் தேர்ந்தெடுக்கும்போது மடிநோய்க்கு ஆளாகும் தன்மையும் உடன் வளர்வதால், நார்வே நாட்டில் 1978 முதல் காளைகளைத் தேர்வு செய்வதில் அவற்றின் மகள்களுக்கு வந்த மடிநோயும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

பாலும் மனித நலமும்

திரியுள்ள பாலை மனிதர் உண்ணலாகாது. காய்ச்சினால் கிருமிகள் இறப்பினும், ஸ்டெஃபிலோகாக்கசு ஆரியசு பாலில் ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு கொதிநிலையிலும் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடும். கறந்த பாலை நெடுநேரம் வெப்பத்தில் வைத்திருந்தால் இந்நஞ்சு கூடுகின்றது.

எதிர்ப்பி மருந்து பெற்ற பசுவின் பாலை, மருந்துறையில் குறித்துள்ள விலக்கு நாள்கள் முடியும் வரை விற்கவோ உண்ணவோ கூடாது. ஒரு கூற்றில் மட்டும் மருந்து இட்டிருந்தாலும், இரத்தத்தின் வழியாக மற்றக் கூறுகளின் பாலிலும் எச்சம் சேரக்கூடும். ஆகவே நான்கு கூறுகளின் பாலையும் விலக்கவேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு இவ்வெச்சம் தீங்கு செய்யும். தயிரையும் பாலாடைக்கட்டியையும் உறைய வைக்கும் பாக்டீரியாக்களையும் இது கொன்றுவிடுகின்றது. வாங்கிய பால் கெடாமலும் தயிராக உறையாமலும் இருந்தால் எச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். விலக்கிய பாலைக் கன்றுகளுக்கு ஊட்டுவது பல பண்ணைகளில் வழக்கமாக இருந்தபோதிலும், கன்றின் குடலில் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருக அது இடமளிக்கின்றது. அப்பாலைக் கொட்டும்போது தொழுவத்தின் தரையில் கொட்டாமல் தொலைவில் குழி தோண்டி ஊற்றவேண்டும்.